கிழக்கு எல்லையில் இருந்த மகள்

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு ஒல்லாந்தன் இருந்தான். யாழ்ப்பாணத்தில் கடலோரமாக எங்களுக்கு ஒரு காணி உண்டு. உறுதிப் பத்திரங்களில் அதன் பெயரே ‘ஒல்லாந்தன் வளவு’. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கப்பல் தலைவனாக வந்திறங்கிய ஒரு கப்பித்தான் அந்த வளவை வாங்கினான், எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டினான், திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே இருந்து செத்தான், அவனுடைய மகளின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது கதை. என் அண்ணனுக்குப் பூனைக்கண். அதற்கு மேல் அத்தாட்சி எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணன் பாரிசுக்குப் பக்கத்தில் எபினே-சூர்-செய்னில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது புதிதாக யாராவது அகப்பட்டால், மழையைப் பற்றி ஒரு வார்த்தை, பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, மூன்றாவது வார்த்தை ஒல்லாந்தன்தான். “எங்கடை ஆக்கள் அங்கையிருந்து வந்தவை” என்று வடக்குப் பக்கம் கையைக் காட்டுவார், ஒல்லாந்து அடுத்த மெத்ரோ நிறுத்தத்தில் இருப்பதுபோல. குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் என்று அவருக்குப் பின்னால் நின்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கதையில் ஆசைதான். இல்லையென்றால் பொய்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அண்ணனுக்கு ஒரு யோசனை பிடித்தது. அந்த வளவில் சுற்றுலாக்காரர் வந்து தங்குவதற்கு ஒரு வீடு கட்ட வேண்டும்; வாசலில் ஒல்லாந்தனின் கதையை மூன்று மொழியில் எழுதிய பலகை வைக்க வேண்டும். அதற்கு இரண்டு தடை. ஒன்று, கதைக்குக் கடதாசி இல்லை. மற்றது, வளவின் கிழக்குத் துண்டு. றோட்டைப் பார்த்த பக்கம் அதுதான். அதில் ஒரு விதவைப் பெண் சின்னக் கல்வீடொன்றில் இருந்தார். அவருடைய ஆட்கள் ஒல்லாந்தன் வீட்டில் சமைத்தவளின் வழி, இரக்கப்பட்டு இருக்க விட்டது என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். சின்ன வயதில் மேற்குப் பக்கத்து வீட்டில் இருந்தபோது நாங்கள் அவர்களைக் ‘குசினிச் சனம்’ என்றுதான் சொன்னோம். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னோம்.

கடதாசி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. நான் பிரெஞ்சு நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர். பாரிஸ் லா ஷப்பலில் ஒரு நகைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். பிறப்பு, விவாகம், மரணம், காணி என்று இங்கே தமிழர் கொண்டுவரும் பத்திரங்கள் என் மேசையைத் தாண்டித்தான் பிரெஞ்சு அலுவலகங்களுக்குப் போகும். மூலத்தில் உள்ளதைத்தான் எழுதினேன் என்று அடியில் முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பேன். கறையான் தின்றது, தண்ணீர் பட்டது, ஊர் அதிகாரி விதானையாரின் கோழிக்கிறுக்கல் எல்லாம் வாசிப்பேன். நான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரி. அடக்கத்துக்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

முதலில் தோம்பு. ஒல்லாந்தர் எழுதிவைத்த காணிப் பதிவேட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கொழும்புச் சுவடிக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவியைப் பிடித்து, எங்கள் பகுதிப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் செய்தேன். பிரெஞ்சும் கொஞ்ச இங்கிலீஷும் ஒரு தடித்த அகராதியும் இருந்தால் ஒல்லாந்து மொழி அவ்வளவு பயப்படுத்தாது. ஒரு மாதத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். வளவின் பெயர், அளவு, இத்தனை பனை, இத்தனை தென்னை, ஒரு கிணறு, எல்லாம் சரி. தொழில் என்ற இடத்தில்தான் நான் மூன்று முறை அகராதியைப் புரட்டினேன். எங்கள் கப்பித்தான் பீப்பாய் செய்கிறவன். கப்பலில் தண்ணீரும் சாராயமும் ஏற்றுகிற மரப்பீப்பாய். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அப்ப சொந்தமாய்த் தொழிற்சாலை வைச்சிருந்திருக்கிறார்” என்றார் அண்ணன்.

அடுத்தது உறுதி. அம்மா செத்தபின் என்னிடம் வந்த உறுதிக்கட்டில் ஒல்லாந்தன் எழுதிய நன்கொடை உறுதியின் பிரதி ஒன்று இருந்தது. மூலம் எப்போதோ போய்விட்டது. இது ஒரு நொத்தாரிசின் குமாஸ்தா பின்னொரு காலத்தில் பார்த்தெழுதியது. அவசரக்காரன், எழுத்தெல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி ஓடுகிறது. தன் வளவின் மேற்குப் பாதியை ஒல்லாந்தன் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறான். அவளுடைய பெயர் எங்கள் கொடிவழியில் உச்சியில் இருக்கிற பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் ‘எனது பெற்ற மகள்’ என்று வாசித்தேன். பிறகு எந்தப் பக்கம் யாருடைய காணி என்று நான்கு எல்லையும் வருகிறது. கிழக்கு எல்லையில் பெயர் இல்லை. அதே சொல் மட்டும் இருந்தது: ‘எனது பெற்ற மகள் காணி’.

எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. கிழக்குத் துண்டை முதலிலேயே மகளுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது மேற்கையும் அவளுக்கே கொடுக்கிறான். ஆகவே முழு வளவும் ஒரே மகளுக்கு, ஆகவே எங்களுக்கு. தெளிந்த எழுத்தில் பெயர்த்தெழுதி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணிக்கு அனுப்பினார். எத்தனை தலைமுறை இருந்தாலும் உரிமைக்காரரின் இரக்கத்தில் இருந்தவர்களுக்கு உரித்து வராது என்று சட்டத்தரணி சொன்னாராம். கிழக்குத் துண்டுக்காரிக்குக் கடிதம் போனது.

கொழும்பு மாணவி தோம்போடு சேர்த்து இன்னொன்றும் அனுப்பியிருந்தாள். இங்கிலீஷ்காரர் வந்த புதிதில் அதே வளவைப் பற்றி நடந்த ஒரு வழக்கின் பதிவு. அதை நான் திறக்கவில்லை. விடை கையில் இருக்கும்போது கணக்கைத் திரும்பச் செய்ய யாருக்கு ஆசை?

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குத் தெரிந்த ஒருவர் படியேறி வந்தார். ஒபர்வில்லியேயில் மொத்தச் சாமான் கிடங்கொன்றில் பெட்டி இறக்குகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய பிறப்புச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் நான்தான் மொழிபெயர்த்தவள். எங்கள் ஊர் என்று அப்போதே தெரியும். நான் ஊரை விட்டு வரும்போது அவர் தவழ்ந்துகொண்டிருந்திருப்பார், அதற்கு மேல் நான் விசாரித்ததில்லை.

“அக்கா, ஒரு கடிதம் பாக்கவேணும்” என்று தொலைபேசியை நீட்டினார். திரையில் முதல் பக்கத்தின் படம். காணியின் பெயரை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அது எங்கள் சட்டத்தரணியின் கடிதம்.

“என்ரை தமக்கைக்கு வந்தது. மூண்டு மாசத்துக்குள்ளை வீட்டை விட்டு எழும்பட்டாம். அவ அங்கைதான் பிறந்தவ, அங்கைதான் கலியாணம் கட்டினவ. சண்டைக்கை ரெண்டு தரம் ஓடி, ரெண்டு தரமும் அங்கைதான் திரும்பி வந்தவ. இப்ப எங்கை போறது?”

“தம்பி, அது எங்கடை காணி. உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம் அக்கா. அதுக்கு நான் சண்டைபிடிக்க வரேல்லை. பழைய எழுத்து வாசிக்கிற ஆள் இஞ்சை உங்களை விட்டால் ஆர்? நீங்கள் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. அப்பிடித்தான் எண்டு நீங்கள் சொன்னால் நான் அவவுக்குச் சொல்லுறன், சாமானைக் கட்டச் சொல்லி.”

அந்த உறுதியை வாசித்ததே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. கஷ்டமான செய்தியைச் சொல்லப் போகிறேன், அதை அசைக்க முடியாத அத்தாட்சியோடு சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்காகத்தான் அந்த வழக்குப் பதிவைத் திறந்தேன்.

வழக்கு கிணற்றைப் பற்றியது. மேற்குப் பக்கத்தார் கிழக்குப் பக்கத்தாரைத் தண்ணீர் அள்ள விடவில்லை. பதிவு இங்கிலீஷில், சாய்ந்த அழகான கையெழுத்தில் இருந்தது. ஒரு சாட்சி சொல்லுகிறார், ஒல்லாந்தன் கிழக்கை ஒருத்திக்கும் மேற்கை மற்றவளுக்கும் கொடுத்தான் என்று. இரண்டு பேரும் மகள்மார்தானே என்று நீதவான் கேட்கிறார். அந்த இடத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட்டு விளக்கம் சொல்லியிருக்கிறார். சாட்சியின் வாயிலிருந்து வந்த இரண்டு தமிழ்ச் சொல்லையும் காதில் விழுந்தபடி இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று, ‘பெத்த மகள்’. மற்றது, ‘பெறாமகள்’.

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

பெறாமகள் என்பது யாழ்ப்பாணத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த முறை. தன் தமக்கை தங்கையின் பிள்ளையை ஒரு பெண் பெறாமகள் என்பாள். அவளுடைய புருஷனுக்கும் அந்தப் பிள்ளை பெறாமகள்தான். பெறாத மகள். என் தங்கையின் மகளை நானே வாயால் அப்படித்தான் சொல்லுகிறேன். உறுதிப் பிரதியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய எழுத்தில் புள்ளி கிடையாது, ‘பெற்ற’ என்பதைப் ‘பெறற’ என்றுதான் எழுதுவார்கள். ‘றா’வுக்கும் அப்போது தனிக் கால் இல்லை, றகரத்தின் வாலையே கீழே இழுத்துச் சுழித்துவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதப் படித்தேன். அவசரக் கையில் இரண்டு றகரம் ஒட்டினாலும் ஒரு றகரம் சுழித்தாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரே மாதிரித் தெரிவது வேறு, ஒன்றாகவே இருப்பது வேறு. கிழக்கு எல்லையில் இருந்தது இரண்டு றகரம். எங்கள் கொடிவழியின் உச்சியில் இருக்கிற பெயருக்கு முன்னால் இருந்தது ஒரு றகரமும் ஒரு சுழியும். இப்போது பார்த்தால் குருடனுக்கும் தெரியும்.

அந்த மொழிபெயர்ப்பாளரின் விளக்கத்தை மிச்சமும் வாசித்தேன். ஒல்லாந்தனின் மனைவிக்குப் பிள்ளையில்லை. தன் தங்கையின் மகளை எடுத்து வளர்த்தாள். அவள்தான் பெறாமகள், மேற்குப் பாதிக்காரி. ஒல்லாந்தனுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை, வீட்டில் சமைத்தவளிடம். அவள் பெற்ற மகள், கிழக்குப் பாதிக்காரி. பாதி பாதியாக இருவருக்கும் கொடுத்தான், ஆகவே கிணறு இருவருக்கும் பொது என்று தீர்ப்பு.

என் பிழை கண்ணில் இல்லை. அவன் ஒல்லாந்தன், அவனுக்கு மகள் என்றால் மகள்தான், எங்கள் முறையெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும் என்று நினைத்தே நான் வாசித்தேன். உறுதியை எழுதியவன் தமிழன். எழுதச் சொன்னவன் எங்கள் பெண்ணோடு குடும்பம் நடத்தி, அவளுடைய தங்கையின் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவன். பீப்பாய்க்காரனுக்குத் தெரிந்திருந்த முறை, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரான எனக்கு நினைவு வரவில்லை. என் தொழிலில் இப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை.

ஆக, எங்களுக்கு ஒல்லாந்தனோடு இரத்தச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. அவனுடைய இரத்தம் கிழக்குத் துண்டில் இருக்கிறது. ஒபர்வில்லியேயில் பெட்டி இறக்குகிறது.

அன்று பின்னேரமே எபினேக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு கடதாசியையும் விரித்து அண்ணனுக்கு எழுத்து எழுத்தாகக் காட்டினேன். பக்கத்தில் இருந்த அவருடைய மகள் எட்டிப் பார்த்து, அப்படியானால் நாங்கள் வெறும் தமிழர்தானா என்று பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

“அப்ப என்ரை கண்?”

“அண்ணை, எங்கடை ஊரிலை பூனைக்கண் உங்களுக்கு மட்டுமே?”

அவர் கடதாசிகளை என் பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார், “உந்த வழக்கை ஆர் இனித் தேடப்போகினம்? நீ வாய் திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

“சரியெண்டு முத்திரை குத்தினதும் நீதானே? இப்ப பிழையெண்டு எழுதினால் நாளைக்கு ஆர் உன்னட்டை வருவினம்? உன்ரை சோத்திலை நீயே மண் போடப்போறியோ?”

அந்தக் கேள்வி எனக்கும் ரயிலிலேயே வந்துவிட்டது. லா ஷப்பலில் ஒரு செய்தி ரூ பெர்தொனே என்ற தெருவின் இந்த முனையில் புறப்பட்டால் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மற்ற முனைக்குப் போய்விடும். பயமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அண்ணனைத்தான் வாழ்நாளெல்லாம் பகிடி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு முயலைப் பிடித்தவள் நான். ஒரு பெண்ணை அவள் பிறந்த வீட்டிலிருந்து என் முத்திரை எழுப்பப் பார்க்கிறது. அந்த முத்திரையைக் காப்பாற்றி நான் என்ன செய்ய?

“அண்ணை, நாளைக்குக் காலமை நான் எழுதுறன். உங்களைக் கேட்டுக்கொண்டு இருக்கேல்லை, சொல்லிப்போட்டுச் செய்வம் எண்டுதான் வந்தனான்” என்று கடதாசிகளை மடித்து எடுத்தேன்.

அடுத்த நாள் எழுதினேன். முன்பு வாசித்தது பிழை, இன்ன இடத்தில் இன்ன எழுத்து, சரியான வாசிப்பு இது, அத்தாட்சி இந்த வழக்கு என்று சுற்றி வளைக்காமல் எழுதி, அதற்கும் முத்திரை குத்தினேன். சட்டத்தரணிக்கு ஒன்று, கிழக்குத் துண்டுக்காரிக்கு அவருடைய தம்பி கையில் கொடுக்க ஒன்று. சட்டத்தரணி கெட்டிக்காரர், தோற்கிற வழக்கு என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மாதம் முடிவதற்குள் கடிதத்தை வாபஸ் பெற்றுவிட்டார். அண்ணன் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார். போர்த்துக்கேயர் பக்கம் ஏதும் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லுகிறார்.

கடிதம் வாபஸான செய்தி வந்த அன்று, தம்பியை ரூ பெர்தொனேயில் ஒரு தேத்தண்ணீர்க் கடைக்கு வரச்சொன்னேன். கடதாசியைக் கையில் கொடுத்து, ஒல்லாந்தனின் வழி அவர்கள்தான் என்பதையும் சொன்னேன். அவருக்கு ஒல்லாந்தனைப் பற்றி ஒரு அக்கறையும் வரவில்லை.

“அப்ப எங்கடை அக்கா எழும்பத் தேவையில்லையோ?”

“தேவையில்லை. அது அவவின்ரை காணி. பிறப்பாலை வந்தது.”

முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

“தம்பி, அந்தப் பிழையை விட்டது நான்தான். உறுதியை முதல் வாசிச்சு முத்திரை குத்திக் குடுத்தது நான்.”

“அது எங்களுக்குத் தெரியும் அக்கா.”

“என்னெண்டு?”

“கடிதத்தோடை உங்கடை முத்திரை போட்ட கடதாசியும் வந்தது. நான் உங்களுக்கு முதல் பக்கம் மட்டும்தான் காட்டினனான். எங்கடை அக்காதான் அப்பிடிச் செய்யச் சொன்னவ. அந்தத் துண்டு எங்கடை எண்டு அம்மா சொல்லி அவ கேட்டிருக்கிறா. ஆனால் பிழையெண்டு நாங்கள் போய்ச் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீங்களாம். தனிய விட்டால் நீங்களாத் தேடிக் கண்டுபிடிச்சு, கண்டதை ஒளிக்கவும் மாட்டீங்களாம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “உங்கடை அக்காவுக்கு என்னை எப்பிடித் தெரியும்?”

“என்ன அக்கா இப்பிடிக் கேக்கிறீங்கள்? ஒரே வேலி. ரெண்டு பேரும் ஒரே வயது. நீங்கள் முத்தத்திலை இருந்து சத்தம்போட்டுப் படிக்கிறதை இஞ்சாலை நிண்டு கேட்டுத்தான் தான் எழுத்துப் படிச்சது எண்டு சொல்லுவா.”

அவர் விடைபெற்றுப் போனபின்னும் நான் அந்த மேசையிலேயே இருந்தேன். வேலி ஞாபகம் இருந்தது, கதியால் தடியில் காய்ந்த கொடி ஞாபகம் இருந்தது, நான் சத்தம்போட்டுப் படித்த பாடம்கூட ஞாபகம் இருந்தது. எவ்வளவு யோசித்தும் அவருடைய அக்காவின் முகம் மட்டும் எனக்கு வரவில்லை.